கூவாவுக்கு வரப்போகும் தம்பிக்கு: சவனெட்டா பையன்களின் கதை

தம்பிக்கு,

பாயிண்ட் லீசாஸ் உரத் தொழிற்சாலையில் வேலை உறுதியாகிவிட்டது, குடும்பத்தோடு கூவாவில் வீடு பார்க்கப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல சேதி. தூத்துக்குடியில் அமோனியா பிளான்ட் ஓட்டிய கைக்கு இங்கே வேலை பழக அதிக நாள் ஆகாது. நீங்கள் கேட்டதும் வேலையைப் பற்றி இல்லை, உங்கள் பையனைப் பற்றி. 12 வயது, தருவை மைதானத்தில் இருட்டும்வரை பந்தோடு நிற்கிற பிள்ளை. ட்ரினிடாட் போகிறோம் என்றதும் கூவா பக்கம் என்ன கிளப் இருக்கிறது என்று தேடி, டபிள்யூ கனெக்‌ஷன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டான். ஆறு முறை நாட்டுச் சாம்பியன், மூன்று முறை கரீபியன் சாம்பியன். ஆனால் 2020-க்குப் பிறகு லீக் பட்டியல் எதிலும் அந்தப் பெயரைக் காணவில்லை. அது என்ன கிளப், இருக்கிறதா இல்லையா, இவனைச் சேர்ப்பார்களா? இந்திய வம்சத்தார் அங்கே கிரிக்கெட் மட்டும்தான் ஆடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? பொழுது சாய்ந்த பிறகு மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா? இவ்வளவும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் சுருக்கமான பதில். அந்த கிளப்பை நம்பிப் பையனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 2023-ல் நாட்டின் முதல்நிலை லீக் புதுப் பெயரில் மறுபடி தொடங்கியபோது வந்த அணிகளில் டபிள்யூ கனெக்‌ஷன் இல்லை. ஆனால் அவன் பிடித்த பெயர் சாதாரணப் பெயர் இல்லை. நீங்கள் குடியேறப் போகும் மண்ணிலிருந்து எழுந்த கிளப் அது. அது எப்படி உயர்ந்தது, எதனால் அடங்கியது என்று தெரிந்துகொண்டால், இங்கே ஒரு பிள்ளையை எந்த மைதானத்தில், யார் கையில் விடுவது என்பது உங்களுக்கே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூவா இந்தத் தீவின் மேற்குக் கரைச் சமவெளியில் இருக்கிறது. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. 1845-ல் வந்த முதல் கப்பலில் தொடங்கி 1917 வரை, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,44,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னைத் துறைமுகம் வழியாக வந்த நம் ஆட்களும் உண்டு. அவர்களை இங்கே ‘மதராசி’ என்றார்கள். மொழி போய்விட்டது, காளியம்மாள் பூசையும் தீமிதியும் மிச்சம் இருக்கின்றன. அந்தக் கரும்புதான் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது. அரசின் காரோனி சர்க்கரை நிறுவனம் 2003-ல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலையிழந்தார்கள். அதற்கு முன்பே, 1970-களிலிருந்து, கடலோரச் சதுப்பை மேடாக்கி எழுந்ததுதான் பாயிண்ட் லீசாஸ். கடலுக்கடியில் கிடைக்கும் எரிவாயுவை அமோனியாவாகவும் மெத்தனாலாகவும் மாற்றிக் கப்பலேற்றும் பேட்டை. அதன் ஓரத்தில் இருக்கும் ஊர் சவனெட்டா. டபிள்யூ கனெக்‌ஷனுக்குச் செல்லப் பெயர் ‘சவனெட்டா பாய்ஸ்’. கரும்புக் காலம் முடிந்து எரிவாயுக் காலம் வந்த அதே மண்ணில் வளர்ந்த பையன்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளப்பைத் தொடங்கியவர் டேவிட் ஜான்-வில்லியம்ஸ், ஆண்டு 1986. அந்தக் காலத்தில் இந்த நாட்டுக் கால்பந்து என்றாலே வடக்குதான். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினும் அதைச் சுற்றிய ஊர்களும் ஆட்டத்தை ஆண்டன. மேப்பிள், மால்வெர்ன், கேஷுவல்ஸ் என்று பழைய பெயர்கள். பிறகு டிஃபென்ஸ் ஃபோர்ஸ், அதாவது ராணுவமும் கடலோரக் காவல் படையும் சேர்ந்த அணி. அவர்களை லேசாக நினைக்க முடியாது. 1978-ல் கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையை வேறு இரண்டு கிளப்களோடு பகிர்ந்துகொண்டார்கள். 1985-ல் ஹோண்டுராஸின் ஒலிம்பியாவை இரண்டு ஆட்டங்களில் 2-1 என்று வென்று தனியாகவே தூக்கினார்கள். வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கிளப்கள் ஆடும் கோப்பை அது. படைவீரனுக்கு மாதச் சம்பளம் நிச்சயம், தினமும் பயிற்சி நிச்சயம். அதனால்தான் அந்த அணி அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதை முழுவதும் இதில்தான் சுற்றுகிறது.

1999-ல் புரோ லீக் வந்தது. கால்பந்தே தொழிலாக, மாதச் சம்பளத்துக்கு ஆடும் லீக். தொடங்கிய எட்டு அணிகளில் டபிள்யூ கனெக்‌ஷனும் ஒன்று. முதல் பட்டம் டிஃபென்ஸ் ஃபோர்ஸுக்குப் போனது. அடுத்த இரண்டு ஆண்டுகள், 2000-லும் 2001-லும், பட்டம் தெற்கே வந்தது. வடக்கே இருப்பவர்களுக்கு அது எவ்வளவு உறைத்திருக்கும் என்பது இந்த ஊரில் பழகினால்தான் தெரியும். ‘சவுத்’ என்றால் இங்கே ஒரு தனி மானம். பிறகு 2005, 2011–12, 2013–14, 2018. மொத்தம் ஆறு. கரீபியன் கிளப் சாம்பியன் பட்டம் 2002, 2006, 2009.

பட்டங்களின் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் ஆள் சேர்த்த விதம். செயின்ட் லூசியாவின் ஸ்டூவர்ட் சார்ல்ஸ்-ஃபெவ்ரியர் நீண்ட காலம் கோச். அதே தீவிலிருந்து வந்து கோல் அடித்தவர் எர்ல் ஜீன். பிரேசில்காரர்களும் வந்து ஆடினார்கள். சின்னத் தீவுகளிலிருந்து சம்பளத்துக்கு ஆடுவதற்கென்று பையன்கள் கூவாவுக்கும் சான் ஃபெர்னாண்டோவுக்கும் வந்த காலம் அது. கரீபியனில் ஒரு தீவுக்காரன் இன்னொரு தீவுக்குப் போய்க் கால்பந்தால் வயிறு வளர்ப்பது அதற்கு முன் எளிதில் நடக்காத காரியம். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இந்த ஊர் இடம் கொடுக்கும் என்பதை நான் முதலில் பார்த்தது அலுவலகத்தில் இல்லை, அந்த மைதானத்தில். மராபெல்லாவில் இருக்கும் மேனி ராம்ஜான் ஸ்டேடியத்துப் படிகளில் உட்கார்ந்துதான் எனக்கு இங்கே நட்பு கிடைத்தது. பெயரைக் கவனியுங்கள்: மேனி ராம்ஜான் இந்திய வம்சத்தவர், நெடுந்தூர ஓட்டக்காரர். 1946-ல் மத்திய அமெரிக்க கரீபியன் விளையாட்டுப் போட்டிகளில் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கியவர்.

கூவாவிலேயே இருப்பது ஆட்டோ போல்டன் ஸ்டேடியம். நான்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய வேக ஓட்டக்காரரின் பெயர். 2001-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ட்ரினிடாட் டொபேகோவில் நடந்தபோது கட்டிய ஸ்டேடியங்களில் ஒன்று. டபிள்யூ கனெக்‌ஷன் இங்கேயும் ஆடியது. நீங்கள் வீடு பார்க்கிற பகுதியிலிருந்து அதன் விளக்குக் கம்பங்கள் தெரிந்தாலும் தெரியும்.

இந்த கிளப் வழியாகப் போனவர்களில் உங்கள் பையனுக்குச் சொல்ல வேண்டிய பெயர் கென்வின் ஜோன்ஸ். 2004-ல் இங்கிருந்து சவுதாம்ப்டனுக்குப் போனார். பிறகு சண்டர்லேண்ட், ஸ்டோக், கார்டிஃப் என்று இங்கிலாந்து லீகின் பெரிய மைதானங்களில் ஆடினார். 2006 உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். அந்தக் கோப்பைக்கு இந்த நாடு தகுதி பெற்றபோது, அதுவரை தகுதி பெற்ற நாடுகளிலேயே மக்கள்தொகையில் சிறியது இதுதான். பஹ்ரைனில் டென்னிஸ் லாரன்ஸ் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலில் கிடைத்த இடம். ஜெர்மனியில் முதல் ஆட்டத்திலேயே ஸ்வீடனை 0-0 என்று தடுத்து நிறுத்தினார்கள். இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தால் இங்கே எந்தக் கடையிலும் பேச்சு ஒரு மணி நேரம் நீளும். அடுத்த பெயர் ஜோவின் ஜோன்ஸ். டபிள்யூ கனெக்‌ஷனிலிருந்து சிகாகோ, அங்கிருந்து சியாட்டில். 2016-ல் அமெரிக்க லீக் கோப்பையை வென்ற அணியில் இடது ஓரம் முழுக்க அவருடையது.

2009-ல் கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீகின் தொடக்கச் சுற்றில் நியூயார்க் ரெட் புல்ஸ் அணியை டபிள்யூ கனெக்‌ஷன் வெளியேற்றியது. ஒரு பக்கம் பன்னாட்டு நிறுவனத்தின் பணம். இன்னொரு பக்கம் வெள்ளிக்கிழமை மாலையில் சில நூறு பேர் முன்னால் ஆடிப் பழகிய அணி. ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கணக்குப் பார்த்தால் இப்படி நடக்கவே கூடாது. நடந்தது.

இப்போது 2017 அக்டோபர் 10-க்கு வருகிறேன். இந்த ஒரு நாளைப் பற்றி எழுதாமல் கூவாவைப் பற்றி எழுத முடியாது. அதற்கு 28 ஆண்டு பின்னால் போக வேண்டும். 1989 நவம்பர் 19, போர்ட் ஆஃப் ஸ்பெயின். அமெரிக்காவோடு டிரா செய்தால் போதும், இத்தாலி உலகக் கோப்பைக்குப் போகலாம். நாடு முழுக்கச் சிவப்புச் சட்டை. ஸ்டேடியத்தில் இடம் நிரம்பி வழிந்தது. பால் கலிஜூரி தூரத்திலிருந்து அடித்த ஒரே பந்து உள்ளே போனது, 1-0, அவ்வளவுதான். அழுதுகொண்டே எதிரணிக்குக் கைதட்டினார்கள் என்று அந்தத் தலைமுறை ஆட்கள் சொல்வார்கள். அந்த ரசிகர்களின் பண்புக்காக ஃபிஃபா விருதே கொடுத்தது. அன்றிலிருந்து 2014 வரை அமெரிக்கா ஒரு உலகக் கோப்பையையும் தவறவிடவில்லை.

2017-ல் நிலைமை அப்படியே திரும்பி நின்றது. ரஷ்யாவுக்குப் போக அமெரிக்காவுக்கு டிரா போதும். ட்ரினிடாட் ஏற்கெனவே போட்டியிலிருந்து வெளியேறி, ஆறு அணிகளில் கடைசி இடம். ஆட்டம் தலைநகரில் இல்லை, நம் கூவாவில். மழைக்காலம், முந்தின நாள் மைதானத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஸ்டேடியம் பெரும்பாலும் காலி. நான் மூடிய கேலரியில் இருந்தேன். 17-வது நிமிடத்தில் அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர் காலில் பட்ட பந்து மேலெழும்பிச் சேம் சைடு கோலானது. பிறகு 37-வது நிமிடம். வலது பக்கத்திலிருந்து ஆல்வின் ஜோன்ஸ் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோலுக்கு வெகு தூரம், யாரும் அடிப்பார் என்று நினைக்கவில்லை. அடித்தார். கோல்கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் அமெரிக்காவின் புலிசிக் ஒன்றைத் திருப்பினார். 2-1. அதற்கு மேல் கோல் இல்லை. அதே இரவில் பனாமாவும் ஹோண்டுராஸும் தங்கள் ஆட்டங்களை வென்றுவிட, அமெரிக்கா வெளியே.

ஆல்வின் அப்போது டபிள்யூ கனெக்‌ஷன் ஆட்டக்காரர், ஜோவினின் தம்பி. தேசிய அணியின் கோச், பஹ்ரைனில் கோல் போட்ட அதே டென்னிஸ் லாரன்ஸ். நாட்டுக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர், டபிள்யூ கனெக்‌ஷனைத் தொடங்கிய அதே ஜான்-வில்லியம்ஸ். 31 ஆண்டு முன்னால் இந்தப் பக்கத்தில் தொடங்கிய ஒரு கிளப்பின் உழைப்பு அத்தனையும் அந்த ஒரு மாலையில் ஒரே மைதானத்தில் வந்து சேர்ந்ததாகத்தான் எனக்குப் பட்டது. பையனிடம் இதைச் சொல்லுங்கள். கூவா என்ற பெயரை அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

பிறகு ஏன் அடங்கியது? இதற்குத்தான் டிஃபென்ஸ் ஃபோர்ஸை மனத்தில் வைக்கச் சொன்னேன்.

புரோ லீக் கிளப்களுக்கு வருமானம் நுழைவுச் சீட்டில் இல்லை. கூட்டம் குறைவு. தொலைக்காட்சிப் பணம் பேருக்குத்தான். சொந்த மைதானம் கிடையாது, எல்லாம் அரசு ஸ்டேடியம். ஓடியது இரண்டு பணத்தில்: உரிமையாளரின் கைப்பணமும் விளம்பரதாரர் தருவதும் ஒன்று, அரசு மாதாமாதம் கொடுத்த மானியம் இன்னொன்று. எரிவாயு விலை நன்றாக இருந்தபோது இரண்டும் வந்தன. விலை சரிந்து அரசின் பெட்ரோட்ரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையே 2018-ல் மூடப்பட்ட காலத்தில் இரண்டும் இறுகின. இந்த நாட்டின் எந்தச் செலவுக்கும் அடியில் எரிவாயு விலை இருக்கிறது தம்பி. உங்கள் வேலைக்கும் அப்படியே. ஆலமரத்து விழுதுபோலப் பல கால்கள் ஊன்றிய கிளப்பாக இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். டபிள்யூ கனெக்‌ஷன் ஒரு மனிதரின் மீதும் அவர் குடும்பத்தின் மீதும் நின்ற கிளப். அதுதான் அதன் பலம். அவர் முடிவெடுத்தால் மறுநாள் நடக்கும், செயின்ட் லூசியாவிலிருந்து ஆள் வருவார், பிரேசிலிலிருந்து ஆள் வருவார். அதுவேதான் அதன் பலவீனமும்.

2015-ல் அவர் சம்மேளனத் தலைவர் ஆனார். கூவாவில் பால்மெயின் என்ற இடத்தில் ‘ஹோம் ஆஃப் ஃபுட்பால்’ என்ற பயிற்சி மையத்தைக் கட்டினார். 2019 நவம்பர் 18-ல் ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ வந்து திறந்துவைத்தார். அதே வாரம் 24-ம் தேதி நடந்த தேர்தலில் ஜான்-வில்லியம்ஸ் தோற்றார். வென்றவர் வில்லியம் வாலஸ். நான்கு மாதம்கூட முடியவில்லை, 2020 மார்ச்சில் ஃபிஃபா அந்தப் புது நிர்வாகத்தை நீக்கி, கடனைக் காரணம் காட்டித் தன் குழுவை உட்காரவைத்தது. நீக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். செப்டம்பரில் ஃபிஃபா நாட்டையே இடைநீக்கம் செய்து நவம்பரில் விலக்கிக்கொண்டது. இதற்கிடையில் கோவிட். லீக் மார்ச்சில் பாதியில் நின்றது, முன்னிலையில் இருந்த டிஃபென்ஸ் ஃபோர்ஸுக்குப் பட்டத்தைக் கொடுத்து மூடினார்கள். கால்பந்துக்குக் கட்டிய பால்மெயின் கட்டடம் நோயிலிருந்து தேறுகிறவர்களைத் தங்கவைக்கும் இடமானது.

மறுபடி லீக் தொடங்க 2023 ஆகிவிட்டது. மூன்று ஆண்டு ஆட்டமில்லாத கிளப்பில் எந்த இளைஞன் காத்திருப்பான்? படைவீரர்களுக்கும் காவலர்களுக்கும் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது, அவர்கள் திரும்பி வந்தார்கள். முதல் பட்டத்தையும் டிஃபென்ஸ் ஃபோர்ஸே எடுத்தது. டபிள்யூ கனெக்‌ஷன் வரவில்லை. ஜான்-வில்லியம்ஸின் நிர்வாகத்தைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கருத்து உண்டு, சூடாகவே பேசுவார்கள். புதிதாக வந்த நீங்கள் அதில் பக்கம் எடுக்க வேண்டாம். என் கருத்து ஒன்றுதான்: தெற்கிலும் நடுப்பகுதியிலும் இருந்த பையன்களுக்கு, தலைநகருக்கு வண்டி ஏறாமல், பக்கத்திலேயே சம்பளத்துக்கு ஆடும் வாசலை 20 ஆண்டு திறந்துவைத்திருந்தது அந்த கிளப். அந்த வாசல் மூடியிருப்பது இந்தப் பகுதிக்குப் பெரிய இழப்பு. அதை ஈடுசெய்ய ஒரு பட்டம் போதாது, இன்னொரு கிளப் 20 ஆண்டு நின்றாக வேண்டும்.

கிரிக்கெட் கேள்விக்கு வருகிறேன். ‘இந்தியருக்கு கிரிக்கெட், ஆப்பிரிக்க வம்சத்தாருக்குக் கால்பந்து’ என்ற பேச்சு இங்கேயும் உண்டு. கூவாவில் மாலை நேரத்தில் தெருவில் நடந்தால் மட்டையும் விண்ட்பால் என்கிற லேசான பந்தும்தான் அதிகம் தெரியும், அது உண்மை. ஆனால் 1999-ல் புரோ லீக் தொடங்கிய எட்டு அணிகளில் ஒன்றின் பெயர் டாக்ஸ் கேல்வாலாஸ். கேல்வாலா என்றால் இந்தியில் ஆடுகிறவன், பெயரே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடும். பெனாலில் ஷிவா பாய்ஸ் இந்துக் கல்லூரி என்ற மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. கால்பந்தில் பெயர் போன பள்ளி. லெவி கார்சியா அங்கே படித்தவர். பிறகு ஹாலந்து போய், ஏதென்ஸின் ஏஇகே அணியில் 2023-ல் கிரீஸ் லீகையே வென்றார். மைதானத்தில் உங்கள் பையனின் நிறத்தைப் பார்த்து முதல் நாள் ‘கூலி’ என்று யாராவது சொல்லலாம். இந்த ஊரில் அந்த வார்த்தைக்குப் பழைய காயம் உண்டு. பிள்ளைகளுக்குள் அது வந்த வேகத்திலேயே போய்விடும், பந்து அவன் காலில் நின்றால் போதும். பெரியவர்கள் சொன்னால் மட்டும் கோச்சிடம் அமைதியாகப் பேசுங்கள்.

அவனை எங்கே விடுவது? கிளப்பைத் தேடுவதற்கு முன் பள்ளியைத் தேடுங்கள். இந்த நாட்டில் கூட்டம் கூடுவது பள்ளிக் கால்பந்துக்குத்தான். செப்டம்பரில் தொடங்கும், ஆண்டுக் கடைசியில் இன்டர்கால் கோப்பை. பழைய மாணவர்கள் பாட்டி தாத்தாவாகி வந்தும் கத்துவார்கள். சான் ஃபெர்னாண்டோவில் நாபரிமாவும் பிரசன்டேஷனும், லா ரோமெய்னில் செயின்ட் பெனடிக்ட்ஸும் இந்தப் பக்கத்தின் பெரிய பெயர்கள். ஆனால் அங்கெல்லாம் இடம் கிடைப்பது எளிதில்லை. தொடக்கப் பள்ளி முடிவில் நடக்கும் எஸ்இஏ தேர்வு மதிப்பெண்ணில்தான் மேல்நிலைப் பள்ளி ஒதுக்குகிறார்கள். உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டி வருகிறான். மாணவர் அனுமதிச் சீட்டும் வேண்டும். வருவதற்கு முன்பே கம்பெனியின் பணியாளர் பிரிவில் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளி அமைந்த பிறகு, வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் கோச்சிங் பள்ளி ஒன்று. கூவா பக்கம் லீக் அணி என்றால் சென்ட்ரல் எஃப்சி இருக்கிறது. 2012-ல் தொடங்கி, 2014–15 முதல் மூன்று முறை தொடர்ந்து பட்டம் எடுத்த கிளப். அதன் கதையிலும் ஏற்ற இறக்கம் உண்டு. அதனால் கிளப்பின் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், சனிக்கிழமை காலையில் நேரில் போய் நில்லுங்கள். கோச் யார், எத்தனை ஆண்டாக அதே மைதானத்தில் இருக்கிறார், பெற்றோர்கள் கோடு ஓரத்தில் நிற்கிறார்களா, மழை பெய்த மறுநாள் பயிற்சி நடக்கிறதா, பெரிய பையன்கள் சின்னவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிறார்களா. இவ்வளவும் சரியாக இருந்தால் பேரில்லாத அணியாக இருந்தாலும் விடுங்கள். பெரிய தலை ஒன்று விலகினாலும் கோடு ஓரத்துப் பெற்றோர்கள் மறுவாரம் வந்து நிற்பார்கள்.

இருட்டைப் பற்றிக் கேட்டீர்கள். தங்கச்சி கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவை வென்ற அந்த அணியில் இருந்த, டபிள்யூ கனெக்‌ஷனுக்கும் ஆடிய ஷாடன் வின்செஸ்டர் 2019 டிசம்பரில் கொல்லப்பட்டார். 27 வயது. இந்த ஊர் முழுக்க அழுதது. 2024 டிசம்பர் கடைசியில் அரசு அவசர நிலையே அறிவித்தது. இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பயந்து கதவடைத்து வாழ்கிற ஊரும் இல்லை இது. பையனைப் பகலில், உங்கள் காரிலோ தெரிந்த பெற்றோர் காரிலோ அனுப்புங்கள். பச்சைப் பட்டை போட்ட மேக்ஸி டாக்ஸி என்கிற மினி பஸ் உங்கள் பக்கமாகத்தான் ஓடும், பெரியவர்களுக்கு நல்ல வசதி. 12 வயதுப் பிள்ளையைத் தனியாக அதில் ஏற்ற வேண்டாம். இரவு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் நாலு குடும்பமாகச் சேர்ந்து போகிறோம், நீங்களும் வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் வெளியே நின்று கதை பேசாமல் நேரே வண்டி. டபுள்ஸ் சாப்பிடுவதை ஆட்டத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வோம். மஞ்சள் நிறப் பூரி மாதிரி இரண்டு பரா, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு. மிளகாய்ச் சாறு ‘ஸ்லைட்’ என்று சொல்லி வாங்கினாலே நம் நாக்குக்குப் போதும்.

கடைசியாகக் காகிதம். இதைப் பலர் சொல்வதில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறக் கூடாது என்பது ஃபிஃபா விதி. பெற்றோர் கால்பந்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. உங்களுக்கு அது பொருந்தும், ஆனால் நிரூபிக்க வேண்டும். வாரக் கடைசிப் பயிற்சிக்கு இது தேவைப்படாது. அதிகாரப்பூர்வப் போட்டிக்குப் பதிவு செய்யும்போது கேட்பார்கள். பையனின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் வேலை ஒப்பந்தம், வேலை அனுமதிச் சீட்டு, பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஒரே உறையில் வையுங்கள். தூத்துக்குடியில் ஏதாவது கிளப்பிலோ அகாடமியிலோ பதிவாகியிருந்தால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவாருங்கள். ஒரு ஆட்டக்காரன் பின்னாளில் ஒப்பந்தத்தில் இருக்கும்போதே பணத்துக்கு வேறு நாட்டு கிளப்புக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரிந்து போக வேண்டும். இன்று அவனுக்குப் பந்து போட்டுக் கொடுக்கிற தருவை கோச்சின் கிளப்புக்கும் அதில் பங்கு உண்டு, காகிதம் இருந்தால்.

ஜூன் முதல் டிசம்பர் வரை இங்கே மழை. மைதானம் சேறாகத்தான் இருக்கும். அதனால் அடியில் ஆணி நீளமான பூட்ஸாகப் பார்த்து வாங்குங்கள். வருகிற தேதி முடிவானதும் எழுதுங்கள். பியார்கோ விமான நிலையத்துக்கு நான் வண்டியோடு வருகிறேன்.